மூளை வளர்க்கும் இசைச் செயலிகள்: வாக்குறுதி மூன்று, தேறுவது ஒன்றரை

கைபேசியையோ டேப்லெட்டையோ கீபோர்டின் மேல் சாய்த்து வைத்ததும் திரையில் ஸ்வரங்கள் வரிசையாக வந்து விழும். வாசிப்பதை மைக் கேட்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு, பாடம் முடிந்தால் மூன்று நட்சத்திரம். இந்த விமர்சனம் எந்த ஒரு கம்பெனியையும் குறிவைத்ததல்ல, இந்த ரகம் மொத்தத்துக்கும் உரியது. உள்ளே ஓடும் வழிமுறை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனால் பிடிபடும் குறைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இந்த ரகத்தின் விளம்பரங்களில் மூன்று வாக்குறுதிகள் திரும்பத் திரும்ப வரும். வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது முதலாவது. நினைவாற்றலும் கவனமும் படிப்பும் கூடும் என்பது இரண்டாவது. மன அழுத்தம் குறையும், உணர்வுகளைப் புரிந்துகொள்ளும் திறன் வளரும் என்பது மூன்றாவது. முதலாவதில் பாதிக்கு மேல் தேறும். இரண்டாவதற்கு ஆதாரம் மிக மெலிசு. மூன்றாவதற்கு இசையில் நிஜமாகவே இடமிருக்கிறது, ஆனால் செயலி மதிப்பெண் போடும் விதமே அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. அது எப்படி என்பதுதான் இந்த விமர்சனத்தின் முக்கியமான பகுதி. அதற்கு முன் கருவியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கருவி சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் பேச்சுக்குத்தான்.

தாமதம் யாருடையது?

கட்டையை அழுத்துகிறோம், ஒலி எழுகிறது, மைக் வாங்குகிறது, கைபேசி அதை எண்களாக்குகிறது, செயலி அதில் எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு படியிலும் சில மில்லிவிநாடி போகும். காற்றில் போகும் நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும், மைக் ஒரு மீட்டர் தள்ளியிருந்தாலும் 3 மில்லிவிநாடிதான். நிஜமான தாமதம் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, புளூடூத் இயர்போன். இதில் 100 முதல் 300 மில்லிவிநாடி வரை சர்வசாதாரணமாகத் தாமதம் வரும். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லிவிநாடி. அதில் 200 போனால் கிட்டத்தட்ட அரை அடி நழுவிவிட்டது என்று பொருள். கற்பவர் காதில் விழுவதை நம்பி வாசித்தால் செயலி சிவப்பு காட்டும். நாளடைவில் அவர் செயலியைத் திருப்திப்படுத்த ஓர் இம்மி முன்னாலேயே அடிக்கப் பழகிவிடுவார். இப்படிப் பழகிய கை பிறகு நிஜமான மனிதரோடு வாசிக்கும்போது ஓடிக்கொண்டே இருக்கும். பழகியதை மாற்றுவது லேசில்லை.

இரண்டு, தாழ்ந்த ஸ்வரங்கள். ஓர் ஒலியின் சுருதியை நிர்ணயிக்கச் செயலிக்குக் குறைந்தது இரண்டு அலைச் சுற்றாவது தேவைப்படும். பியானோவின் நடு ஸா, அதாவது மிடில் சி, 261.6 ஹெர்ட்ஸ். ஒரு சுற்று 4 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். கிட்டாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், இரண்டு சுற்றுக்கு 24 மில்லிவிநாடி. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41.2 ஹெர்ட்ஸ், இரண்டு சுற்றுக்கே 49 மில்லிவிநாடி ஆகிவிடும். மேல் ஸ்வரங்களில் பச்சையும் கீழ் ஸ்வரங்களில் 'லேட்' என்றும் வந்தால் இடது கையைத் திட்டிப் பயனில்லை.

தப்பு கையுடையதா கருவியுடையதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. சீரான வேகத்தில் டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். நடுப்பகுதியில் ஒரே ஒரு கட்டையை 20 அடிக்கு விடாமல் அழுத்துங்கள். முன்னால், பின்னால் என்று செயலி காட்டும் குறிகளைப் பாருங்கள். இருபதும் ஒரே அளவில் பின்தங்கியிருந்தால் அது கருவி, செயலியின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) போய்த் தாமத அளவைச் சரிசெய்தால் போய்விடும். சிலது முன்னால், சிலது பின்னால் என்று சிதறியிருந்தால் அது கை, பயிற்சியால்தான் சரியாகும். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மெட்ரோனோமோடு தட்டச் சொன்னால் மனிதர்கள் பெரும்பாலும் சத்தத்துக்குச் சில பத்து மில்லிவிநாடி முன்னாலேயே தட்டுவார்கள். இசை பழகியவர்களிடம் இந்த முந்தல் குறையும். ஆகவே லேசாக முந்துவது கோளாறில்லை.

கைபேசி மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. பேச்சு தெளிவாகப் போவதற்காக அது பின்னணி இரைச்சலை வெட்டும். நீண்டு ஒலித்து மெல்ல அடங்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. அதைவிட வேடிக்கை எதிரொலி நீக்கம். கைபேசியின் ஸ்பீக்கரில் பின்னணி இசை ஓடும்போது அதே ஸ்வரத்தை நாம் வாசித்தால், நம் ஸ்வரத்தையும் ஸ்பீக்கரின் எதிரொலி என்று கருதி நீக்கிவிடும். சரியாக வாசிக்க வாசிக்கச் சிவப்பு வரும்! இன்னொன்று: கீபோர்டின் சின்ன ஸ்பீக்கர் தாழ்ந்த ஸ்வரத்தின் அடிப்படை அலையை வெளியே தள்ளாது, அதன் மடங்குகளான மேல் அலைகள் மட்டும் வரும். செயலி அதை ஒரு ஸ்தாயி மேலே என்று படித்துக்கொள்ளும். நான்கு ஸ்வரம் சேர்ந்த கார்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் மற்ற மூன்றின் மேல் அலைகள் அந்த இடத்தை நிரப்பிவிடும், பச்சை வந்துவிடும்.

இத்தனைக்கும் ஒரே மருந்து யூஎஸ்பி கேபிள். கீபோர்டில் மிடி வெளியீடு இருந்தால் மைக்கையே மறந்துவிடலாம். எந்தக் கட்டை, எந்த நேரம், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற மூன்றும் எண்ணாகவே போய்ச் சேரும். சிம்ப்ளி பியானோ, யூசிஷியன் போன்ற செயலிகள் பியானோப் பாடங்களுக்கு மைக், மிடி இரண்டு வழியையும் ஏற்கும். கேபிள் இல்லாமல் இந்த ரகத்துக்குச் சந்தா கட்டுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். கேட்பதற்குக் கம்பி உள்ள ஹெட்போன். கீபோர்டில் 61 கட்டை ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக்குறையும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

பாடுவதற்கான பாடங்களில் நிலைமை இன்னும் மோசம். பல செயலிகள் ஸ்தாயியை 12 பெட்டிகளாக வெட்டிவைத்து, நம் குரல் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று மட்டும் பார்க்கின்றன. சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு சென்ட், ஒரு பெட்டி 100 சென்ட் அகலம். பயிற்சி பெற்ற காது 5, 10 சென்ட் விலகலையே பிடித்துவிடும். 30 சென்ட் இறங்கிப் பாடினாலும் பெட்டிக்குள் இருப்பதால் பச்சை. கமகமாக அசைத்துப் பாடினாலோ குரல் பெட்டி விட்டுப் பெட்டி தாவுகிறது என்று சிவப்பு. தப்புக்குப் பாராட்டு, அழகுக்குத் தண்டனை.

திரையை அணைத்துப் பாருங்கள்

கற்றல் விஷயத்தில் இந்தச் செயலிகளின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒன்றே: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உடனே பதில் சொல்வது. முதல் பத்து நாளுக்கு இது வரப்பிரசாதம். எந்தக் கட்டை எங்கே என்று தடுமாறும்போது பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. ஆனால் உடல் அசைவுக் கற்றலைப் பற்றிய ஆய்வுகளில் 1984 முதல் பேசப்படும் ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் விடை சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது செயல் நன்றாக இருக்கும், விடை சொல்வதை நிறுத்தியதும் சரிந்துவிடும். ஊன்றுகோல் தந்தால் கால் பலப்படாது என்ற கதைதான். கற்பவர் தன் காதால் தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையைத் திரைக்கு ஒப்படைத்துவிடுகிறார். இசைப் பயிற்சியில் மூளைக்கு வேலை வைக்கும் பகுதி எதுவோ அதைத்தான் செயலி கையில் எடுத்துக்கொள்கிறது.

இதைச் சோதிக்க, இரண்டு வாரம் வாசித்த ஒரு பாட்டைத் திரையை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எட்டு அளவுகள், அதாவது எட்டு தாளச் சுற்று, நிற்காமல் போனால் பாட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டாவது சுற்றிலேயே கை நின்றால் கற்றது விழும் கட்டங்களைத் துரத்தும் விளையாட்டு மட்டும்.

'காத்திருக்கும் முறை' என்ற வசதியும் பலவற்றில் உண்டு. சரியான கட்டையை அழுத்தும்வரை பாட்டு நகராமல் நிற்கும். பழகாத பாட்டுக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம், மூன்றாம் நாள் அணைத்துவிட வேண்டும். தாளம் நமக்காக நிற்கும் என்று கை நம்பிவிட்டால் காலப்பிரமாணம், அதாவது வேகத்தைச் சீராகப் பிடித்து வைப்பது, ஒருநாளும் வராது. அதற்குப் பதிலாக வேகத்தை 60 சதவீதத்துக்கு இறக்கி, தப்பு வந்தாலும் நிற்காமல் போகப் பழகுவது நல்லது. தப்பைத் தாண்டி அடுத்த அடியில் போய்ச் சேர்வதுதான் பழக வேண்டிய திறமை.

காதுப் பயிற்சிச் செயலிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். இரண்டு ஸ்வரத்தை ஒலித்து இடைவெளியைச் சொல்லச் சொல்பவை பல. தொடங்கும் ஸ்வரம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் கற்பவர் இடைவெளியைக் கேட்பதில்லை, இரண்டாம் ஸ்வரத்தின் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறார். தொடக்க ஸ்வரம் மாறிக்கொண்டே இருக்கும்படியும், ஒலி பியானோ, தந்தி, குழல் என்று கலந்து வரும்படியும் அமைப்பை மாற்றுங்கள். ஆதார ஸ்ருதியை முதலில் நிறுவிவிட்டு, அதில் இது எந்த ஸ்வரம் என்று கேட்கும் வகை தனி இடைவெளி வகையைவிடப் பாட்டுக்கு நெருக்கமானது. பத்துக்கு எட்டு சரியாக வரும் கடினத்தில் வைத்துக்கொண்டால் போதும். பத்துக்குப் பத்து வருகிறதென்றால் அது பயிற்சி இல்லை, பொழுதுபோக்கு.

ஐ.க்யூ. கணக்கு

இனி மூளை வாக்குறுதி. இதன் வேர் 1993-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றை 10 நிமிடம் கேட்டார்கள். உடனே வைத்த, இடத்தையும் வடிவத்தையும் மனதில் கற்பனை செய்யும் தேர்வில் ஐ.க்யூ. அளவில் 8, 9 புள்ளிக்குச் சமமான உயர்வு தெரிந்தது. அது கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான், யாரும் வாசிக்கக் கற்கவில்லை, குழந்தைகளும் இல்லை. இருந்தும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத் தட்டு கொடுக்க நிதி கேட்கும் அளவுக்கு அந்தச் செய்தி ஊதிப்பெருகியது. பிறகு நடந்த சோதனைகளில் உற்சாகமான இசைக்கு அந்த உயர்வு வந்தது, சோகமான மெதுவான இசைக்கு வரவில்லை, கதை கேட்பது பிடித்தவர்களுக்குக் கதை கேட்டாலும் வந்தது. ஆக, மனசு விழித்து உற்சாகமாக இருந்தால் தேர்வு கொஞ்சம் நன்றாக எழுதலாம் என்பதுதான் எஞ்சியது. 'குழந்தை மூளைக்கு' என்று விற்கும் கேட்பு இசைத் தொகுப்புகளை இதோடு முடித்துக்கொள்ளலாம், அவற்றில் பயிற்சியே இல்லை.

கற்றுக்கொள்வதைப் பற்றிய ஆய்வுகள் வேறு. இவற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2004-இல் வந்தது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு எதுவும் இல்லை. 36 வார வகுப்புக்குப் பிறகு இசைக் குழுக்களில் ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளியும் மற்றவற்றில் 4.3 புள்ளியும் ஏறியது. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு. பலர் சொல்லாமல் விடும் விஷயம் இரண்டு. சமூகப் பழக்கத்தில் முன்னேறியது நாடகக் குழு, இசைக் குழு இல்லை. அடுத்தது, அந்த வகுப்புகள் ஆசிரியர் ஒருவர் ஆறு குழந்தைகளை வைத்து நடத்தியவை. திரையை வைத்துத் தனியாக வாசிக்கும் செயலிக்கு அந்த முடிவை இரவல் வாங்க முடியாது.

அதற்குப்பின் வந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சிறு வித்தியாசமும் கரைகிறது. 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளையும் 6,984 குழந்தைகளையும் சேர்த்து எடைபோட்டது. ஒப்பீட்டுக் குழுவுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த இசை கற்காத குழுவுக்கு, எதுவும் தராத ஆய்வுகளில்தான் பலன் தெரிகிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் நாடகமோ ஓவியமோ கற்றுத்தந்து, குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய பூஜ்யம். 2016-இல் சுவீடனின் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவர் பல மணிநேரம் கூடுதலாக வாசித்திருந்தாலும் அவருடைய ஐ.க்யூ. மற்றவரைவிட அதிகமாக இல்லை. இசை கற்பவர்கள் தேர்வில் முன்னால் நிற்கிறார்களே என்றால், அப்படிப்பட்ட பிள்ளைகளும் அப்படிப்பட்ட வீடுகளும்தான் இசை வகுப்பைத் தேடிப்போகின்றன, நிலைத்தும் நிற்கின்றன என்பதுதான் அதற்குப் பெரும்பாலான விளக்கம்.

விளம்பரத்தில் வரும் வண்ண வண்ண மூளைப் படத்துக்கும் மயங்க வேண்டாம். படம் பொய்யில்லை. தந்தி வாத்தியக்காரர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான இடம் பெரிதாக இருப்பதை 1995-இலேயே காட்டிவிட்டார்கள். 15 மாதம் வாத்தியம் பழகிய குழந்தைகளின் மூளையில் விரலசைவுக்கும் கேட்டலுக்கும் உரிய பகுதிகள் மாறியதை 2009-இல் படம்பிடித்தார்கள். கவனியுங்கள்: விரலும் காதும். எதைப் பழகினோமோ அதற்குரிய இடம் மாறியது. கணக்குக்கும் அதனால் லாபம் என்பது படத்தில் இல்லை, படத்துக்குக் கீழே எழுதிய வரியில் இருக்கிறது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி நிறுவனம் இத்தகைய வாக்குறுதிகளுக்காக 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பயிற்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திறன்கள் நிச்சயம் கூடும்: சுருதி வித்தியாசம், தாளப் பிடிமானம், கேட்டதை மனதில் வைத்திருப்பது. வயதானவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. 60 முதல் 85 வயதுள்ள 31 பேரை வைத்து 2007-இல் வந்த ஆய்வில், ஆறு மாதம் பியானோ கற்றவர்கள் கவன மாற்றம், வேகம் சார்ந்த தேர்வுகளில் முன்னேறினார்கள். ஆனால் ஒப்பீட்டுக் குழு சும்மா இருந்தது. ஆறு மாதம் புதிதாக எதைக் கற்றிருந்தாலும் அப்படி வந்திருக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இனி 'ஆய்வு நிரூபித்தது' என்று எந்தச் செயலி சொன்னாலும் பார்க்க வேண்டியது அதுதான்: ஒப்பீட்டுக் குழு என்ன செய்துகொண்டிருந்தது?

ஒரே பாட்டு, நான்கு மனநிலை

இப்போது உணர்வு. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், செயலி இருந்தால் போதும். எட்டு அளவுகள் உள்ள எளிய பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செயலி சொல்லும் வேகத்தில், ஒரே சீராக வாசித்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதையே சோகமாக வாசியுங்கள்: மெதுவாக, மென்மையாக, ஒரு ஸ்வரத்தை அடுத்ததோடு ஒட்டி, வரி முடியும் இடத்தில் கொஞ்சம் இழுத்துவிட்டு. பிறகு கோபமாக: வேகமாக, பலமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டி, தொடக்கத்தில் ஓர் அடி கொடுத்து. கடைசியாகத் துள்ளலாக: வேகம் உண்டு, பலம் நடுத்தரம், ஸ்வரங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி. அருகிலிருப்பவரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னால் எது எந்த மனநிலை என்று அநேகமாகச் சொல்லிவிடுவார். செயலி என்ன சொல்கிறது? சீராக வாசித்ததற்கு முழு மதிப்பெண். சோகத்துக்கு வரிக்கு வரி 'லேட்'. கோபத்துக்கு 'முந்திவிட்டீர்கள்', போதாதற்கு 'ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தவில்லை'. துள்ளலுக்கும் அதே.

உணர்வு எங்கே இருக்கிறதோ அதையெல்லாம் பிழை என்று எண்ணி வைத்திருக்கிறது மதிப்பெண் முறை. மென்மை, பலம் இரண்டையும் அது கேட்கவே இல்லை. மைக் வழி என்றால் கைபேசியே மெல்லியதை உயர்த்தி, பலத்தைத் தாழ்த்திச் சமப்படுத்திவிடும். மிடி வழியில் ஒவ்வொரு அழுத்தமும் 127 படிகளில் ஒன்றாக வந்து சேர்கிறது, ஆனாலும் பல செயலிகள் அதைத் தூக்கிப்போட்டுவிடுகின்றன. அழுத்தம் உணரும் கீபோர்டு வேண்டும் என்று மேலே சொன்னது செயலிக்காக அல்ல, காதுக்காக.

இது சின்ன விஷயமில்லை. வேகம், பலம், அசைவு, தொடக்கத்தின் கூர்மை ஆகிய இதே அடையாளங்களை வைத்துத்தான் பேசும் குரலிலும் கோபத்தையும் வருத்தத்தையும் பிரித்தறிகிறோம். குரலைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசை வாசிப்பைப் பற்றிய 41 ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த 2003 தொகுப்பு, இரண்டிலும் அடையாளங்கள் பெரிதும் ஒன்றே என்று காட்டியது. இசை கற்றவர்கள் பேச்சின் தொனியிலிருந்து உணர்வைக் கொஞ்சம் கூடுதல் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2004-இல் வந்த இன்னொன்றில் ஒரு வருடம் கீபோர்டு கற்ற குழந்தைகள் அச்சம், கோபத் தொனிகளைப் பிரித்தறிவதில் நாடகம் கற்ற குழந்தைகளுக்குச் சமமாக வந்தார்கள். இசைப் பயிற்சிக்கும் உணர்வுக்கும் நேர்ப்பாதை ஒன்று இருக்குமென்றால் அது இந்த அடையாளங்கள் வழியாகத்தான் போகும் என்பது எங்கள் கணிப்பு. அந்தப் பாதையில் செயலி தடுப்பு போட்டு வைத்திருக்கிறது.

கணினியால் முடியாது என்று நினைக்க வேண்டாம். 2006-இல் ஒரு சோதனை வெளியானது. 36 கிட்டார் கலைஞர்களிடம் ஒரே மெட்டை வெவ்வேறு உணர்வில் வாசிக்கச் சொல்லி, சிலருக்கு ஆசிரியரும் சிலருக்குக் கணினியும் ஆலோசனை சொன்னார்கள், சிலர் திரும்பத் திரும்ப வாசித்ததோடு சரி. கணினி அவர்களுடைய வேகம், பலம், வெட்டு ஆகியவற்றை அளந்து, கேட்பவர்கள் சோகத்துக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு, 'இன்னும் மென்மையாக', 'இன்னும் ஒட்டி' என்று சொன்னது. கேட்பவர்களுக்கு உணர்வைச் சேர்ப்பதில் அதிகம் முன்னேறியது கணினிக் குழுதான். அளவிட வேண்டியதை அளந்தால் இயந்திரமும் உதவும். இன்றைய சந்தாச் செயலிகள் எளிதில் அளக்க முடிந்ததை மட்டும் அளக்கின்றன, பிறகு அதற்கே நட்சத்திரம் தருகின்றன.

நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிடித்த இசையில் உடல் சிலிர்க்கும் தருணத்தை 2011-இல் மூளைப் படத்தில் பார்த்தபோது, உச்சம் வருவதற்கு முன் காத்திருக்கும் விநாடிகளிலும் டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புடைய மூளை ரசாயனம் சுரந்தது. அது உச்சத்தில் சுரக்கும் இடத்துக்கு வேறான இடம். காத்திருக்க வைப்பது இசையின் பாதி வேலை. அரை நிமிடத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு டிங் என்று மணியடித்துப் பரிசு தந்தால் காத்திருப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பாட்டு முழுவதையும் வெட்டாமல் ஓடவிடும் முறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒலிக்குறிகளை அணைத்துவிடுங்கள்.

சேர்ந்து வாசிப்பதும் செயலியில் கிடைக்காது. பின்னணி இசையோடு வாசிப்பது சேர்ந்து வாசிப்பது ஆகாது, ஏனென்றால் அது நமக்காக ஒரு மில்லிவிநாடிகூட வளையாது. இரண்டு பேர் வாசிக்கும்போது ஒருவர் பிந்தினால் மற்றவர் கொஞ்சம் தாங்குவார், அடுத்த அடியில் இருவரும் சந்திப்பார்கள். நாலு வயதுக் குழந்தைகள் சேர்ந்து பாடி ஆடியபின் ஒருவருக்கொருவர் உதவுவது கூடியதை 2010-இல் ஒரு சோதனை காட்டியது. பத்து வாரம் குழுவாகப் பாடிய முதியவர்கள் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பதில் முன்னேறியதை 2019 ஆய்வு ஒன்று காட்டியது.

யாருக்கு, எப்படி

ஆசிரியர் கிடைக்காத, கட்டைகளே தெரியாத பெரியவருக்கு: வாங்கலாம். முதல் மூன்று மாதத்துக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவோம், அதற்குப்பின் இரண்டு. ஏழு வயதுக்குக் கீழே: வேண்டாம், திரை இல்லாமல் நாலு பேரோடு பாடட்டும். அறுபது தாண்டியவருக்கு: துணையாக வைத்துக்கொள்ளலாம், குழுப் பாட்டுக்குப் பதிலாக வைக்கக் கூடாது. பிள்ளையின் கணக்கு மதிப்பெண்ணுக்காக வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தையும் நேரத்தையும் கணக்குக்கே செலவிடலாம்.

வாங்கியவர்கள் தினமும் 25 நிமிடம் ஒதுக்கினால் போதும், வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். முதல் 5 நிமிடம் திரை இல்லாமல் பாட்டைக் கேட்டு, வாயால் முணுமுணுத்து, தாளத்தைக் கையால் போடுங்கள். அடுத்த 10 நிமிடம் செயலி, குறைந்த வேகத்தில், காத்திருக்கும் முறை இல்லாமல். பிறகு 5 நிமிடம் திரையை அணைத்து வாசிப்பு. கடைசி 5 நிமிடம் அதையே ஏதாவது ஓர் உணர்வில் வாசித்து, கைபேசியிலேயே பதிவு செய்து கேட்பது. 'இத்தனை நாள் தொடர்ச்சி' என்ற எண்ணிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம், ஒருநாள் விட்டால் எதுவும் கெட்டுப்போகாது.

சந்தாவை வருடக் கணக்கில் கட்டாமல் மாதக் கணக்கில் கட்டுங்கள், தானாகப் புதுப்பிப்பதை முதல் நாளே நிறுத்திவையுங்கள். ஆறாவது வாரக் கடைசியில் ஒரு பாட்டைத் திரை இல்லாமல் சோகமாக ஒருமுறை, துள்ளலாக ஒருமுறை வாசித்துப் பதிவு செய்து, இசை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் இரண்டையும் பிரித்துச் சொன்னால் அடுத்த மாதத்துக்குப் பணம் கட்டலாம். சொல்ல முடியாவிட்டால், சந்தாவை நிறுத்திவிட்டு ஒரு மெட்ரோனோமும் கூட வாசிக்க ஓர் ஆளும் தேடிக்கொள்ளுங்கள்.